பாராட்டக் கூடாத பூ

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பேருந்து வழியில் நின்று நின்று தண்ணீர் குடித்து, அதற்குப் பிறகும் வேண்டாவெறுப்பாக ஏறி வந்து சேருகிற பனிக்கொம்பை என்னும் எங்கள் ஊரில், ரங்கநாயகி வளர்த்த தாடிப்பூ, யாராவது அதைப் பார்த்து மனசார அழகு என்று சொன்னால், சொன்னவர் கண்ணெதிரிலேயே குட்டையாகிப்போகும். இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. புகழ்ந்தால் குழந்தை இளைக்கும், மாடு கறவை குறையும், மாமரம் பூ உதிர்க்கும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்று சொல்லாத வாய் எங்கள் ஊரில் கிடையாது. மற்றவையெல்லாம் நாம் பார்க்காத நேரத்தில் மெதுவாக இளைத்தன, இது மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தாடிப்பூ என்பது நாங்கள் வைத்த பெயர். டெய்சி மிஸ் அதை ஐரிஸ் என்பார். டெய்சி மிஸ் கான்வென்டில் பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பனிக்கொம்பைத் தோட்டப் பிரியர் சங்கத்தின் தலைவி, வருஷா வருஷம் மே மாதக் கண்காட்சியில் சங்கத்தின் வெள்ளிக் கோப்பையைத் தன் வலது கையால் எடுத்துத் தன் இடது கையில் கொடுத்துக்கொள்பவர். அவர் வளர்ப்பது குட்டி ஐரிஸ், எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு சாணைத் தாண்டாது. மூன்று இதழ்கள் கோபுரம்போல் மேலே கூடி நிற்க, மூன்று இதழ்கள் நாக்கைத் தொங்கப்போட்டதுபோல் கீழே வளைந்திருக்கும். தொங்குகிற இதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் கம்பளிப்பூச்சி ஒன்று படுத்துத் தூங்குவதுபோல மெத்தென்று ஒரு தாடி இருக்கும். அதைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் மண்டியிட வேண்டும் என்பதால், எங்கள் ஊரில் மாதா கோயிலில் மண்டியிட்டவர்களைவிட டெய்சி மிஸ் தோட்டத்தில் மண்டியிட்டவர்கள் அதிகம்.

ரங்கநாயகியும் ஒரு நாள் போய் மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, "மிஸ், எனக்கு ஒரு துண்டு கிழங்கு குடுங்களேன்" என்று கேட்டாள்.

"உனக்கு வராது, ரங்கநாயகி" என்றார் டெய்சி மிஸ். "நீயெல்லாம் இஞ்சி போட்ட கை. இது நாசூக்கான செடி, மை டியர். சொன்னா வருத்தப்படாதே, நீ கொண்டுபோனா செத்துத்தான் போகும்."

ஆனாலும் பெரிய மனசு பண்ணி, குப்பைக்குப் போக வைத்திருந்ததில் ஒரு வதங்கின துண்டைக் கொடுத்தார். ரங்கநாயகி அதை இஞ்சியைப் புதைப்பதுபோலத்தான் ஆழமாகப் புதைத்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து அவள் புருஷன் சென்னியப்பன், "அழுகப்போகுது" என்றார். மறுபடி தோண்டி, ஆற்று மணல் கலந்து, கிழங்கின் முதுகில் வெயில் படும்படி மேலாக வைத்தாள். செடி பிழைத்தது. பிழைத்ததோடு நிற்காமல், சாண் உயரத்தில் அடங்க வேண்டியது முழங்காலைத் தாண்டி, தொடையைத் தாண்டி, இடுப்புக்கு வந்து நின்றது. டெய்சி மிஸ்ஸின் இளக்காரம் அவ்வளவு சுத்தமான, கலப்படமில்லாத இளக்காரம் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

முதல் பூ விரிந்த காலையில் பக்கத்து வீட்டுப் புலவர் வேலாயுதம் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். அவர் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர், தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட உவமை இல்லாமல் கேட்டறியாதவர். "ஆகா, அந்தி வானத்தில் அரை முழம் கிழித்து ஈர்க்குச்சியில் செருகி, அதற்குப் பொன்துகளால் மீசை தாடி தீட்டி..." என்று அவர் தொடங்கி, வினைமுற்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, இடுப்பளவு இருந்த செடி தொடையளவுக்கு வந்துவிட்டது.

புலவர் பேச்சை நிறுத்தினார். அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

ரங்கநாயகி கத்தவில்லை, மயங்கி விழவில்லை. "கண்ணு பட்டுப்போச்சுங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, ஊர்க்கண்ணு உறவுக்கண்ணு என்று மும்முறை சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வந்து அவளுக்குத்தான் இருமல் பிடித்தது, செடி அசையவில்லை. அதற்கு மறுநாள் வேலியில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. அப்புறம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி சொன்னாள் என்று இதழின் கன்னத்தில் மை வைத்துப் பார்த்தார்கள். மை வைத்ததும் பூ இன்னும் அழகாகிப்போய், பார்த்தவர்களெல்லாம் அடியாத்தி என்று சொல்ல, செடி முழங்காலுக்கு இறங்கியது.

அதைத் தூக்கி நிறுத்தியவள் வெள்ளையம்மாள். பஸ் ஸ்டாண்டில் காய்க்கடை போட்டிருப்பவள், பீட்ரூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லி விசாரிக்கிறவள். கூடையோடு வேலிப்பக்கம் வந்தவள், கூட்டத்தைப் பார்த்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கெரகத்துக்கா இத்தன கூட்டம்? கொளம்புல போட முடியுமா, பொரியல் பண்ண முடியுமா? தாடி வெச்சுக்கிட்டு நிக்குது பாரு, வேல வெட்டி இல்லாத தடியனாட்டம்!" என்றாள். செடி சரசரவென்று ஒரு முழம் ஏறியது. ரங்கநாயகிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, தெனமும் வந்து ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போங்கக்கா" என்றாள். தினமும் வந்தாலும் திட்டுக்குக் காசு கேட்காத பெருந்தன்மைக்காரி வெள்ளையம்மாள். அவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

ஊர் இதைப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. ரங்கநாயகி வீட்டு வாசலில் "பூவைப் பாராட்டாதீர், மீறினால் திட்டப்படுவீர்" என்று ஒரு பலகை வந்தது. பார்க்க வருகிறவர்கள் வேலியருகே வந்ததும் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லியே பழகிப்போன சிலர் திட்ட வராமல் தவித்து, காய்க்கடைக்குப் போய் வேண்டுமென்றே பீட்ரூட்டைக் கிள்ளிப் பார்த்துப் பயிற்சி எடுத்து வந்தார்கள். பிறகு அந்தப் பழக்கம் பூவைத் தாண்டி ஊருக்குள் புகுந்தது. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்கள் "சகிக்கல" என்று கொஞ்சினார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைப் பையன் ஒருவன், பெண்ணைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கண்ணெல்லாம் கலங்கி, "சுமார்தான் மாமா, ரொம்பச் சுமார்" என்று தழுதழுத்தபோது, பெண்ணின் அப்பா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தாம்பூலம் மாற்றச் சொன்னார்.

வார்டு கவுன்சிலர் விஷயம் தெரியாமல் மாலையோடு வந்துவிட்டார். நாங்கள் தடுப்பதற்குள் மைக்கைப் பிடித்து, இம்மலரே இவ்வூரின் மகுடம், இம்மலரைக் கண்ட கண்ணே கண் என்று டீ ஆறும்வரை பேசினார். நாங்கள் செடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது நூலளவுகூட இறங்கவில்லை. பேசி முடித்த கவுன்சிலர், ஏன் எல்லாரும் தன்னை விட்டுவிட்டுச் செடியைப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று புரியாமல் வேர்த்துப்போய்க் கிளம்பினார். உதட்டுப் பாராட்டுக்கு இந்தப் பூ மசியாது, உள்ளே இருந்து வந்தால்தான் அசையும் என்பது அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது. திட்டுக்கும் அதேதான்: பூவின் மேல் ஆசையாக இருக்கிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டியும் அது அசையவில்லை, வெள்ளையம்மாள் ஒருத்தியின் திட்டுதான் பலித்தது.

இப்போது சென்னியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சென்னியப்பன் தேயிலை ஃபாக்டரியில் டீ டேஸ்டராக இருந்தவர். வரிசையாகக் கிண்ணங்களில் டீ ஊற்றி வைத்திருப்பார்கள். ஒரு கரண்டி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு, என்ன குறை என்று சொல்ல வேண்டும், அதுதான் அவர் வேலை. ஒரு வாய் டீயில் புகை ஏறியது, இலை வதங்கியது, மழையில் பறித்தது எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் "பரவாயில்லை" என்பார். அதற்கு மேல் அவர் அகராதியில் வார்த்தை கிடையாது. ஃபாக்டரியில் அது போதுமானதாக இருந்தது. வீட்டில் போதவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து ரங்கநாயகி ஒவ்வொரு வேளையும் தட்டில் பரிமாறிவிட்டுப் பக்கத்தில் நின்று, "எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாள். சென்னியப்பன் "பரவாயில்லை" என்றார். புதுச்சேலை கட்டி வந்து நின்றாள், பரவாயில்லை. மகளைப் பெற்று மடியில் கிடத்தினாள். எட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை. மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பி, அவர் ஓய்வு பெற்று, வீட்டில் இரண்டே பேர் ஆன பிறகும் அவள் கேட்டாள், அவர் அதையே சொன்னார். நல்லா இருக்கு என்று ஒரே ஒரு தடவை அந்த வாயிலிருந்து வந்தால் போதும், ரங்கநாயகி கேட்டதெல்லாம் அவ்வளவுதான். அந்த வாயில் முத்தா உதிர்ந்துவிடும் என்று அவள் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரித்தாலும் அவளுக்கு அது வலித்தது.

கவுன்சிலர் வந்துபோன மறுநாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஊர் மனசையெல்லாம் காட்டிக்கொடுக்கிற பூ இருக்கிறது, புருஷன் மனசைக் காட்டாதா? அவரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஊரே வந்து பாக்குது. நீங்க ஜன்னலைத் தாண்டி வரலையே. வந்து பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் எதுக்கு? பூ எளச்சுப்போகும்."

"எளச்சா எளைக்கட்டுமுங்க. இல்லாமலே போனாலும் போகட்டும், நீங்க சொல்லுங்க."

சென்னியப்பன் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வாய் ஒரு தடவை திறந்து மூடியது. பிறகு, "பரவாயில்லை" என்றார்.

செடி, கவுன்சிலர் முன்னால் எப்படி நின்றதோ அப்படியே நின்றது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

ரங்கநாயகி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவருக்கு நல்லதும் தோன்றவில்லை, கெட்டதும் தோன்றவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை போலிருக்கிறது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி தட்டில் தோசையை வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

சென்னியப்பன் ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். கேள்வி வரவில்லை. காலையில் உப்புமாவுக்கும் வரவில்லை, மத்தியானம் புளிக்குழம்புக்கும் வரவில்லை. அவர் கரண்டியைத் தட்டில் தட்டிப் பார்த்தார், தொண்டையைச் செருமிப் பார்த்தார், ஒரு நாள் யாரும் கேட்காமலே சமையலறைப் பக்கம் திரும்பி "பரவாயில்லை" என்று சத்தமாகச் சொல்லியும் பார்த்தார். "சரிங்க" என்று பதில் வந்தது. இத்தனை வருஷம் எரிச்சலாக இருந்த அந்தக் கேள்வி இல்லாமல் சோறு இறங்கவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை; ஆனால் மனுஷன் இளைத்துக்கொண்டு வருகிறார் என்று ஊர் கவனித்தது, யார் புகழ்ந்திருப்பார்கள் இவரை என்று குழம்பவும் செய்தது.

ரங்கநாயகியோ கண்காட்சிக்குப் பேர் கொடுத்துவிட்டாள். வீட்டில் கிடைக்காத வார்த்தையைச் சபையில் வாங்கிக்கொள்வோம், வெள்ளியில் பேரைப் பொறித்துக் கொடுப்பார்களே, அது பொய் சொல்லாதே என்று நினைத்தாள். ஆனால் குட்டி ஐரிஸ் பிரிவில் செடி ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அதனால் திட்டித் திட்டி வளர்த்த செடியை இப்போது பாராட்டிப் பாராட்டி இறக்க வேண்டியதாயிற்று. புலவரை நேராக விட்டால் ஒரே உவமையில் தரைமட்டமாகிவிடும் என்று பயந்து, அவரை எதிர்வீட்டு மாடியில் உட்காரவைத்து, தூரத்திலிருந்து அடைமொழி இல்லாமல் பாராட்டச் சொன்னார்கள். அவருக்கு அடைமொழி இல்லாமல் பேசுவது பத்தியச் சாப்பாடு மாதிரி, பாவம், ஊருக்காகப் பொறுத்துக்கொண்டார். கூட இறங்கிவிட்டால் வெள்ளையம்மாள் வந்து, "இன்னுமா சாவல இது?" என்று கொஞ்சம் ஏற்றிவிடுவாள். இப்படி ஒரு பக்கம் தேனும் ஒரு பக்கம் வேம்புமாக ஊட்டி, கண்காட்சிக்கு முந்தின சாயங்காலம் தொட்டிக்கு மாற்றியபோது செடி சாணுக்கு ஒரு விரற்கடை குறைவாக, மைப்பொட்டு மாதிரிக் கச்சிதமாக நின்றது.

காலையில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகும்போது ரங்கநாயகி பக்கத்திலிருந்த சென்னியப்பனிடம் சொன்னாள், "இந்தக் கோப்பை மட்டும் வந்துட்டாப் போதுமுங்க. இனி உங்கள நான் எதுவும் கேட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன், ஆயுசுக்கும்."

அவள் அதைச் சமாதானமாகத்தான் சொன்னாள். சென்னியப்பன் முகம் செத்துப்போயிற்று.

கண்காட்சி சங்கத்து மண்டபத்தில் நடந்தது. நடுவராகக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தாவரவியல் பேராசிரியர் கையில் அளவு நாடாவோடு வந்து, ரங்கநாயகியின் தொட்டி முன்னால் குனிந்து, "ஆஹா" என்றார். செடி ஒரு அங்குலம் இறங்கியது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் ஆயத்தமாக நின்றிருந்த வெள்ளையம்மாள், "என்ன ஆஹா? ரசத்துக்குக் கிள்ளிப்போடக்கூட ஆவாது" என்றாள். ஒரு அங்குலம் ஏறியது. பேராசிரியர் மறுபடி ஆஹா என்றார், அவள் மறுபடி ஆவாது என்றாள். இப்படியே கிணற்று வாளிபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்ததில் அளவு நாடாவுக்குத்தான் அலுத்துப்போயிற்று.

"மண்டபத்துக்குள்ள திட்டக் கூடாது. விதி" என்று டெய்சி மிஸ் வந்து வெள்ளையம்மாளை வெளியே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஊர் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. புலவர் முன்யோசனையாக வாய் நிறைய வெற்றிலை அடைத்து வந்திருந்தார். மண்டபம் துக்க வீடுமாதிரி இருந்தது.

அப்போதுதான் டெய்சி மிஸ் அந்தப் பூவைப் பக்கத்தில் பார்த்தார். அதுவரை அவர் ரங்கநாயகி வேலிப்பக்கமே வந்ததில்லை. முட்டி வலியோடு மெதுவாக மண்டியிட்டார். அவர் எப்படிப்பட்டவராக வேண்டுமானாலும் இருக்கட்டும், ஐரிஸ் என்றால் உயிரை விடுகிறவர். உதட்டைக் கடித்துக்கொண்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டார், மறுபடி திரும்பிப் பார்த்தார். "என் தோட்டத்துல ஒரு வருஷமாவது இப்படி ஒண்ணு பூத்திருக்கா, ஆண்டவரே" என்று முனகிவிட்டார். செடி மளமளவென்று இறங்கிக் கட்டைவிரல் உயரத்தில் நின்றது. குட்டையாகக் குட்டையாகப் பூவின் ஊதா இன்னும் ஆழமாகி, தாடியின் மஞ்சள் இன்னும் துலங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. தலைவியே சொன்ன பிறகு பேராசிரியருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கோப்பை ரங்கநாயகிக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பையைக் கையில் கொடுப்பதற்கு முன் ஜெயித்தவர் வீட்டு ஆள் ஒருவர் மேடைக்கு வந்து செடியைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். டெய்சி மிஸ்ஸின் காலஞ்சென்ற கணவர் ஆரம்பித்து வைத்தது. சென்னியப்பனைக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு ஒரு பயமும் இல்லை. அவர் என்ன சொல்வார் என்று ஊருக்கே தெரியும், அதைச் சொன்னால் பூ அசையாது என்றும் தெரியும். ரங்கநாயகி கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்னியப்பன் மேடையேறி, தொட்டியைப் பார்த்து, தொண்டையைச் செருமினார்.

"எனக்குப் பேச வராதுங்க. சின்ன வயசுல எங்க தோட்டத்துல ஒரு கன்னுக்குட்டி இருந்துச்சு. என்ன அழகுடான்னு சொன்னேன், மறாநாளே கயித்த அத்துக்கிட்டு ஓடிப்போச்சு. எங்க ஐயன் ஒரு ரேடியோ வாங்குனாரு, நல்லா பாடுதேன்னேன், அதோட அது வாயே தொறக்கல. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு டீயைக் குடிச்சுப்போட்டு, இத மாதிரி டீ இந்த மலையிலேயே இல்லைன்னேன். அந்த வருசத்து மழைக்கு அது வெளஞ்ச தேயிலைக் காடே சரிஞ்சு பள்ளத்துல போயிருச்சு. அன்னைக்கு வாயைக் கட்டுனேனுங்க."

மண்டபத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"கல்யாணப் பந்தல்ல இவளப் பாத்தேன். வார்த்த வாய் வரைக்கும் வந்துருச்சு. டீயா இருந்தா துப்பியிருப்பேன். இத முழுங்கிட்டேன். அப்பறம் வேளா வேளைக்கு முழுங்கிட்டே இருக்கறனுங்க. இப்ப இவ கேக்கறதையே நிறுத்திட்டா. இனி ஆயுசுக்கும் கேக்க மாட்டேங்கறா. முழுங்கறதுக்கும் ஒண்ணும் இல்லாமப் போச்சு." அவர் தொட்டிப் பக்கம் குனிந்தார். "அன்னைக்குப் பரவாயில்லைன்னது பொய்யி. இந்தப் பூ நெம்ப அழகா இருக்குது."

அவர் சொல்லி முடிக்கும்போது பூ சுண்டுவிரல் நகமாகி, மிளகாகி, எள்ளாகி, பிறகு மணல் மட்டும் இருந்தது.

ரங்கநாயகி தொட்டியைப் பார்த்தாள். இத்தனை நாள் எத்தனையோ பேர் சொல்லியும் முழுசாக மறையாத பூ, இந்த மனுஷன் ஒரு தடவை சொன்னதும் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கிறது என்றால், அந்த ஒரு வார்த்தை எவ்வளவு நிஜமாக இருந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அதை வளத்தவளும்..." என்று ஆரம்பித்த சென்னியப்பன், காலித் தொட்டியைப் பார்த்துவிட்டுப் பாய்ந்து வந்து ரங்கநாயகியின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஊர் பார்க்க அவர் அவளைத் தொட்டது தாலி கட்டினதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க" என்றாள் அவள்.

"வேண்டாம் புள்ள. சொல்லி நீயும் போயிட்டீன்னா?"

"நான் பூ இல்லீங்க. சொல்லுங்க."

"நீயும் அழகுதான்" என்றார் சென்னியப்பன், கண்ணை இறுக மூடிக்கொண்டு. "உன்ற சமையலும். அந்தப் புளிக்குழம்பு... நெம்ப நல்லாருக்கும்."

மண்டபம் மொத்தமும் ரங்கநாயகியை ஏற இறங்கப் பார்த்தது. சிலர் தூணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சந்தேகமே வேண்டாம் என்று பேராசிரியர் நாடாவை எடுத்து வந்து தலையிலிருந்து கால்வரை அளந்து, குறைந்ததாகத் தெரியவில்லை என்றும், சொல்லப்போனால் அம்மா குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதால் சற்று ஏறியிருப்பதாகவே படுகிறது என்றும் அறிவித்தார். அப்போதுதான் சென்னியப்பன் கண்ணைத் திறந்தார். கையை விடவில்லை. புலவர் வெற்றிலையை எங்கே துப்புவது என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தார்.

பூவில்லாத தொட்டிக்குக் கோப்பை கொடுக்கச் சங்கத்தில் விதியில்லை. டெய்சி மிஸ் சங்கடத்தோடு கோப்பையை வலது கையில் எடுத்தவர், இடது கைக்கு மாற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "வெச்சுக்கோங்க மிஸ்" என்றாள் ரங்கநாயகி. "நான் வந்த வேலை முடிஞ்சுது."

காலித் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, வாசலில் கோபத்தோடு காத்திருந்த வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள். "இந்த மண்ணச் சொமக்கறதுக்கா ஊரக் கூட்டி இத்தன ஆர்ப்பாட்டம்? வெறுந்தொட்டி! த்தூ!" மணலுக்குள்ளிருந்து ஊசிமுனை அளவுக்குப் பச்சையாக ஒன்று தலை நீட்டியது. நாங்கள் பார்த்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நல்லதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டோம்.

அந்தச் செடி இப்போதும் ரங்கநாயகி வீட்டில் இருக்கிறது, வெள்ளையம்மாள் வந்து ஏற்றுகிறாள், மற்றவர்கள் இறக்குகிறார்கள். சென்னியப்பன் அதன் பக்கம் போவதில்லை. அவருக்கு வேறு வேலை இருக்கிறது. வேளாவேளைக்கு ரங்கநாயகி பரிமாறிவிட்டுப் பக்கத்தில் நின்று, "எப்படி இருக்குதுங்க?" என்று கேட்கிறாள், அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, முதலில் இடது கையால் அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் நல்லா இருக்கு என்கிறார்.